உழவும் உளவும்

சென்ற வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையின் ஏழாவது அத்தியாயத்தில், கதாநாயகனின் தகப்பனாரைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது. "முப்பது வருஷம் உளவு செய்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார்" என்று அச்சாகியிருந்தது. அடுத்த வாரமே ஒரு வாசகர் கார்டு போட்டுவிட்டார். "ஐயா, பெரியவர் எந்த தேசத்துக்காக உளவு செய்தார் என்பதை வரும் இதழில் தெரிவித்தால் நலமாயிருக்கும். இத்தனை நாளும் அவரை விவசாயி என்று நம்பிக் கொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தார்.

இம்மாதிரிச் சமயங்களில் எழுத்தாளனுக்குக் கைகொடுப்பதற்கென்றே ஒரு ஜீவன் உண்டு. அச்சுக் கோப்பவர் என்று அவரைச் சொல்வோம். ஈய எழுத்துக்களைப் பொறுக்கிக் கோத்த காலம் போய்க் கணினி வந்துவிட்டது. ஆயினும் பிறர் பழியைச் சுமக்கும் அந்த உத்தியோகம் மட்டும் இன்னும் ஒழியவில்லை. நானும் அவர் தலையிலேயே பழியைப் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணினேன். எதற்கும் ஒரு முறை பார்த்துவிடுவோமே என்று கைப்பிரதியை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்தில், குண்டு குண்டாக, "உளவு" என்றே இருந்தது.

இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிற ஒருவனுக்கு இந்தப் பிழை எப்படி நேர்ந்தது? யோசித்துப் பார்த்ததில், கையின் குற்றமல்ல, வாயின் குற்றம் என்று தெரிந்தது. நான் எழுதும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக் கொண்டு எழுதுகிறவன். என் வாயில் 'உழவு'ம் 'உளவு'ம் ஒன்றுதான். அவசரத்தில் கை, வாய் சொன்னதை எழுதிவிட்டது.

என் அப்பாவாக இருந்தால் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். இதை இவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி. அந்த நகரியத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பழைய ஊர்களைப் போலக் கோயிலைச் சுற்றியோ, ஆற்றங்கரையை ஒட்டியோ தானாக வளர்ந்த ஊர் அல்ல. பழுப்பு நிலக்கரிக்காக, காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊர். வட்டம் வட்டமாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வீடுகள்தாம் ஒரே அச்சே தவிர, உள்ளே இருந்த மனிதர்கள் அப்படியல்ல. தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், கேரளத்திலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். எங்கள் வரிசையில் இருந்த எட்டு வீடுகளில் 'மழை' என்ற ஒரு சொல்லை மூன்று விதமாகக் கேட்கலாம். எங்கள் அப்பா ஆரணிப் பக்கம். அவருக்கு அது 'மயை.' அம்மா கும்பகோணம். அவளுக்கு அது 'மளை.' அதைச் சுத்தமாக 'மழை' என்று சொன்னவர் எங்கள் வரிசையிலேயே ஒரே ஒருவர்தான். அவர் கடைசி வீட்டு மலையாளத்து அம்மாள்!

அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. கரியையும் மண்ணையும் சுமந்து ஓடும் நீண்ட ரப்பர் பட்டைகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். சுரங்கத்தின் மேல் அவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. ஊரிலிருந்து யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் கதையை ஆரம்பித்துவிடுவார். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய பொருள் ஒன்று வந்தது. 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதம் 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்கவெட்டைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை வெட்டி வெட்டி, 1961 ஆகஸ்டில்தான் கரி தலைகாட்டியது. 1962-ல் அதிலிருந்து மின்சாரம் பிறந்தது. இவ்வளவும் அவருக்கு மனப்பாடம். பெரிய சக்கரத்தைச் சுற்றி வாளிகளைக் கோத்த ஜெர்மன் யந்திரம் மண்ணை எப்படி வாரிக் கொட்டும் என்பதைக் கையைச் சுழற்றிக் காட்டுவார். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்று நீரை இரவு பகலாக இறைத்துக் கொட்டாவிட்டால் சுரங்கமே ஏரியாகிவிடும் என்று அவர் சொல்லும்போது, வந்தவர்கள் தங்கள் காலடித் தரையை ஒரு முறை பார்த்துக் கொள்வார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. 1990 வாக்கில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறவன் என்று ஒரு பரிசு வாங்கியிருந்தேன். கோடை விடுமுறைக்குக் கும்பகோணத்து மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அப்பா வழக்கம் போலத் தம் கதையை ஆரம்பித்து, "இந்தப் பயுப்பு நிலக்கரி இருக்குதே..." என்றார்.

"அப்பா, பயுப்பு இல்லே, பளுப்பு!" என்றேன் நான்.

மாமா பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாமா, "பையன் கெட்டிக்காரன், மாப்பிள்ளை! வாத்தியாராத்தான் வருவான்" என்றார். அப்பாவும் சிரித்தார். "சர்தாண்டா வாத்தியாரே" என்று என் தலையில் லேசாகத் தட்டினார். பிறகு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். "இந்த லிக்னைட் இருக்குதே..." என்று தொடர்ந்தார்.

அந்த ஒரு சொல் மாறியதை அன்று யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது எங்களுக்குத் தமிழாசிரியராக வாய்த்தவர் நாகர்கோவில்காரர். 'ர'வையும் 'ற'வையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் அந்தப் பக்கத்தவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு. "டேய், நீங்கள் தின்பது கறி. உங்கள் அப்பன்மார் வெட்டுவது கரி. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் யந்திரத்துக்குப் புடலங்காயைப் போட்டுவிடுவீர்கள்" என்பார். கறியில் நாக்கு அழுத்தி அதிர வேண்டும். கரியில் ஒரு முறை தட்டி விலக வேண்டும். அரம் என்றால் இரும்பை ராவுவது. அறம் என்றால் தர்மம். இரந்தான் என்றால் பிச்சை கேட்டான். இறந்தான் என்றால் செத்தான். ஒரு எழுத்தில் ஒரு மனிதனின் உயிரே போய்விடும் என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

மயங்கொலிகளைப் பற்றி அவர் சொல்லித் தந்த சில உபாயங்கள் இன்றும் எனக்குச் சோறு போடுகின்றன. சொல்லுக்கு முதலில் வருவது 'ந' மட்டுமே. மற்ற இரண்டும் அங்கே தலை நீட்டா. நடுவில் வரும்போது மூன்றும் தத்தம் தோழனோடுதான் நிற்கும்: 'ட'வுக்கு முன்னால் 'ண்', 'ற'வுக்கு முன்னால் 'ன்', 'த'வுக்கு முன்னால் 'ந்.' வண்டு, கன்று, பந்து. இந்த மூன்று சொல் நினைவிருந்தால் பாதிப் பிழை தீர்ந்தது. 'ற' இரட்டிக்கும், 'ர' இரட்டிக்காது. ஆகவே காற்றிலும் சேற்றிலும் சந்தேகமே வேண்டாம். அதே போல 'ழ'வும் இரட்டிக்காது. பள்ளமும் வெள்ளமும் கண்ணை மூடிக் கொண்டு 'ள'தான்.

"இதெல்லாம் யாரோ உட்கார்ந்து செய்த சட்டமல்ல, நாக்கு போட்ட சட்டம்" என்பார். ரகரத்தையும் ழகரத்தையும் தொல்காப்பியர் ஒரே இடத்தில் பிறக்கும் பிள்ளைகளாகச் சொல்கிறார். நாவின் நுனி மேலே எழும்பி அண்ணத்தைத் தடவுகிறது. றகரத்தையும் னகரத்தையும் அப்படியே ஒன்றாகச் சேர்க்கிறார். அங்கே நுனி நா அண்ணத்தைத் தொடுகிறது. ஒரே இடத்தில் பிறந்ததால்தான் 'ன்'னும் 'ற'வும் கன்றிலும் குன்றிலும் கைகோத்து நிற்கின்றன. இதை அவர் விளக்கிய அன்று, இலக்கணம் என்பது நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது என்று எனக்கு முதல் முறையாகத் தோன்றியது.

ஆனால் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையில் மட்டும் பக்கத்து எழுத்தைப் பார்த்துத் தப்பிக்க வழியில்லாத சொற்கள் ஏராளம். வாழை, வாளை. விழி, விளி. தழை, தளை. இவற்றைப் பிரிக்க அவர் சொன்ன வழி, சொல்லின் தாயாரைத் தேடிப் போவது. "உழுகிறவன் தொழில் உழவு. உள்ளே புகுந்து அறிவது உளவு. பழுத்த இலையின் நிறம் பழுப்பு. தாயைக் கண்டால் பிள்ளையைத் தெரியும்" என்பார். (இந்தப் பாடத்தைக் கேட்டவன்தான் முப்பது வருஷம் கழித்துக் கதாநாயகனின் தகப்பனாரை உளவாளியாக்கினேன் என்பதை அவர் அறியாதிருப்பாராக.)

அன்று அவர் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி 'பழுப்பு' என்று சொல்லச் சொன்னார். நான் எழுந்து, பரிசு வாங்கினவன் என்ற மிடுக்கோடு, "பளுப்பு" என்றேன்.

"உட்காராதே. வாளி சொல்லு."

"வாளி."

"வாழி?"

"வாளி."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வீட்டில் எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

சிரிப்பை என் பக்கமிருந்து வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்று எனக்கு ஒரு அற்ப யோசனை தோன்றியது. "எங்கப்பா இன்னும் மோசம், ஐயா. பயுப்பு என்பார். வாழையை வாயை என்பார்" என்றேன். நான் எதிர்பார்த்தபடியே எல்லாரும் சிரித்தார்கள்.

"வாளியை எப்படிச் சொல்வார்?"

"வாளி என்றுதான்."

"வெள்ளத்தை வெய்யம் என்பாரா?"

"மாட்டார், ஐயா."

அவர் மேஜை ஓரத்தில் சாய்ந்து கொண்டார். "அப்படியானால் கேட்டுக் கொள். உன் அப்பா ழகரத்தை யகரமாக்கினார், வாஸ்தவம். ஆனால் ழகரம் வேறு, ளகரம் வேறு என்பது அவர் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் இரண்டாகவே வைத்திருக்கிறார். நீ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாய். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குப் பெயரை மாற்றி வைத்திருக்கிறார். உன் வீட்டில் ஒரு பிள்ளையே காணாமற் போய்விட்டது. யாரடா அதிக மோசம்?"

நான் நின்று கொண்டே இருந்தேன். பளுப்பு! விருந்தாளிகளுக்கு எதிரில் அப்பாவை நான் திருத்தினேனே, அந்தத் திருத்தமே பிழை. ஒரு பிழையை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய பிழையை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

இதில் கேலிக்கு இடமே இல்லை என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டேன். யாழ்ப்பாணத்தார் ரகர றகரத்தை அழகாகப் பிரிக்கிறார்கள். ழகரத்தை மட்டும் என்னைப் போல ளகரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஸ்பானிய மொழியிலும் இதே கதைதான். வீட்டுக்கு ஒரு சொல், வேட்டைக்கு ஒரு சொல். எழுத்தில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். ஸ்பெயின் தேசத்தில் பெரும் பகுதியார் வேட்டை என்னும்போது நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்துப் பிரித்துச் சொல்கிறார்கள். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் இரண்டும் ஒன்றே. ஒலியை இழந்தவர்கள் எழுத்தைக் கண்ணால் மனப்பாடம் செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பிழை விட்டுத் திட்டு வாங்குகிறார்கள். ஒவ்வொரு ஊர் வாயும் ஏதோ ஒன்றைக் காப்பாற்றுகிறது. ஏதோ ஒன்றைத் தொலைக்கிறது. காப்பாற்றியதைப் பற்றி யாரும் நமக்குப் பரிசு கொடுப்பதில்லை; தொலைத்ததைப் பார்த்துத்தான் பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கிறான்.

நிற்க. ஆசிரியர் அப்படிச் சொன்ன அன்று மாலை, வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று புறப்பட்டேன். அப்பா வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "இன்னாடா?" என்றார். "ஒண்ணுமில்லேப்பா" என்று உள்ளே போய்விட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த நாளை வருவதற்கு இருபது வருஷம் ஆயிற்று.

அப்பா ஓய்வு பெற்று நகரியத்து வீட்டைக் காலி செய்த பிறகு வடலூரில் ஒரு சிறு வீட்டில் இருந்தார். 2013-ல் என்று நினைவு. என் பெண்ணுக்கு மூன்று வயது. ஒரு நாள் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை வாங்கிக் கொண்டு, குழந்தையோடு அங்கே போயிருந்தேன். பகலுக்கு மேல் நல்ல மழை. நான் உள்ளே படுத்திருந்தேன். தாழ்வாரத்தில் தாத்தாவும் பேத்தியும் பேசிக் கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, பயம்!"

"பயந்தான் கண்ணு. பலாப்பயம். கொட்டையை முயுங்கிடாதே. மயை விட்டதும் கீயே போயி, காயிதக் கப்பல் விடலாம்."

அந்த வயதுக் குழந்தைகளுக்கு ழகரம் வராது, யகரந்தான் வரும். பேத்திக்கும் தாத்தாவுக்கும் ஒரே பாஷையாகப் போய்விட்டது. இருவரும் தங்கு தடையில்லாமல் பொழிந்து கொண்டிருந்தார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து வாசற்படிக்கு வந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பேச்சு சட்டென்று நின்றது. பிறகு, "பாப்பாவுக்கு ஜாக் ஃப்ரூட் குடுத்துக்கினு இருந்தேன்" என்றார்.

ஜாக் ஃப்ரூட்! ஆரணிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, வாழ்நாளெல்லாம் பலாமரங்களுக்கு நடுவில் இருந்த மனிதர்!

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பா என் எதிரில் ழகரம் வரும் ஒரு சொல்லைச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று? நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வந்தது. நிலக்கரி லிக்னைட் ஆகிவிட்டது. வாழைப்பழம் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. பூவன் என்பார், ரஸ்தாளி என்பார். மழை வந்தால் "வானம் இருட்டுது" என்பார். ஏழு மணி 'செவன் ஓ கிளாக்.' வியாழக்கிழமை 'தர்ஸ்டே.' தமிழைக்கூட 'நம்ம பாஷை' என்பார். அது பெருமையில் வந்த பேச்சு என்று நான் நினைத்திருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் விளையாட்டாக எறிந்த ஒரு கல்லுக்குப் பயந்து, அவர் அந்தத் தெருவையே சுற்றிக் கொண்டு போயிருக்கிறார், இருபது வருஷத்துக்கு மேல்.

அவர் அருகில் உட்கார்ந்தேன். குழந்தை ஒரு சுளையை என் வாயில் திணித்து, "அப்பா, பயம்" என்றது. "ஆமாம் கண்ணு, பயந்தான்" என்றேன். பிறகு, நாகர்கோவில் ஆசிரியர் சொன்னதை, ஒரு சொல் விடாமல் அப்பாவிடம் சொன்னேன். நான் வகுப்பில் அவரைக் காட்டிக் கொடுத்ததையும் சேர்த்தே சொன்னேன்.

அப்பா சுளையிலிருந்து நாரை உரித்துக் கொண்டே கேட்டார். "ரெண்டையும் ரெண்டா வெச்சிருக்கேன்னா சொன்னாரு?" என்று ஒரு முறை கேட்டார். "ஆமாம்பா." சற்றுக் கழித்து மறுபடியும், "வாத்தியாரே அப்டிச் சொன்னாரா?" என்றார். "ஆமாம்பா."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடா?"

எனக்குப் பதில் இல்லை. அவரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. முற்றத்தை எட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக் கொண்டு எழுந்தார்.

"மயை நின்னுடுச்சி" என்றார். பேத்தியின் கையைப் பிடித்துக் கொண்டு படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அப்பா மூன்று வருஷம் இருந்தார். அவர் மனப்பாடமாகச் சொன்ன அந்த முதல் மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டதை அவர் பார்க்கவில்லை. அந்த மூன்று வருஷமும் என் எதிரில் தாராளமாக மயையும் பயமும் பேசினார். அவ்வளவு மட்டும் எனக்குக் கிடைத்தது.

வாசகரின் கார்டு வந்த அன்று இரவு, பீரோவிலிருந்து அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்தேன். ஆரணிப் பக்கத்தில் அவருக்கு ஒரு ஏக்கர் கழனி இருந்தது; அதன் வரவு செலவை வருஷா வருஷம் தம் கையால் எழுதி வைப்பார். பக்கம் பக்கமாகப் பார்த்துக் கொண்டு போனேன். விதை நெல், களை எடுப்பு, மழையால் சேதம், வாழைக்கன்று, கிழக்கு வரப்பு. சாய்ந்த கையெழுத்து, பென்சிலால் கோடு போட்ட கட்டங்கள். ஒவ்வொரு ஆடி மாதத்திலும் முதல் வரி ஒன்றேதான்.

'உழவுக் கூலி.'

ஒரு இடத்தில்கூடப் பிழை இல்லை. மறுநாள் அந்த வாசகருக்குப் பதில் எழுதினேன்: "அன்புடையீர், பெரியவர் உழவர்தாம். தவறு முற்றிலும் என்னுடையது."